ஊர் மாறிக் கூப்பிட்ட பேர்

ஆடி மாதத்தில் எங்களுக்கு மேடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஏரிக்கரையோ குளத்துப் படியோ, எந்த இடத்தில் கரகம் ஜோடிக்கிறார்களோ அதுதான் மேடை. ஆனால் மேடைக்குப் பின்னால் என்று ஒரு இடம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பெரும்பாலும் அது பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வராது, சாவி தலைவர் வீட்டில் இருக்கும்.

நாவல்பட்டில் எங்களுக்கு ஒன்றாம் வகுப்பைத் திறந்து விடுவார்கள். முழங்கால் உயரத்துக்குப் பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது இடுப்பு தனியாக எழுந்து வரும். கரும்பலகையில் வெள்ளிக்கிழமைத் தேதி அழிக்காமல் இருந்தது. அதற்கு முன்னால் நின்று மூன்று ஆம்பளைகள் சட்டையைக் கழற்றி, மஞ்சள் வேட்டி கட்டி, ஒருத்தன் முதுகில் ஒருத்தன் சந்தனம் பூசிக்கொள்வோம். வெளியே எங்களைப் பார்த்துக் கும்பிடப் போகிறவர்கள் இந்தக் கூத்தைப் பார்த்தால் கும்பிட மாட்டார்கள் என்று கதிர்வேல் சொல்வான்.

கதிர்வேல் பம்பை அடிக்கிறவன். வேனும் அவனுடையதுதான். பம்பை என்றால் ஒன்றோடொன்று கட்டின இரண்டு மேளம், ஒன்று மரம், ஒன்று வெண்கலம். இன்னொரு பம்பை தமிழரசன். அவன் மற்ற நாட்களில் கொத்தனார். நான் ஏகாம்பரம், உடுக்கை அடித்து வர்ணிப்புப் பாடுகிறவன். மற்ற நாட்களில் உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறேன்.

வர்ணிப்பு என்பது சாமியைக் கூப்பிடுகிற பாட்டு. முதலில் பிள்ளையார், பிறகு எல்லையில் நிற்கிற காவல் சாமிகள், கடைசியில் அந்த ஊர் அம்மனை ஊர்ப் பேரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் கரகம் தூக்குகிறவர் மேல் அம்மன் இறங்குவாள். இறங்கினால்தான் கரகம் கரையிலிருந்து எழும். கரகம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கூழ் ஊற்றுவார்கள். ஒவ்வொரு ஊருக்கும் காவல் சாமி வேறு, வரிசை வேறு. எழுத்து எனக்கு முப்பத்தாறு வயதில்தான் வந்தது, அரிசி மூட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து. அதற்குள் நாற்பது ஊர்ச் சாமிகள் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் ஒரு ஊர் வரிசையையும் நான் எழுதி வைத்துக்கொண்டதில்லை.

அந்த வருடம் நாவல்பட்டுக்குப் போகும்போது இந்த ஊர் கைவிட்டுப் போய்விடுமோ என்று இருந்தது. போன வருடம் கரகம் எழும்ப மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. கூழ் ஆடை கட்டிவிட்டது. ஏகாம்பரத்துக்குத் தொண்டை போச்சு, சாமி காதில் விழவில்லை என்று பேசினார்கள். இருபத்து மூன்று வருடமாக நான் பாடுகிற ஊர். நான் முதன்முதலில் பாடினதும் அங்கேதான். மில்லில் என்னை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறவனே ஆடியில் வழியில் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். ஒரு ஊர் விட்டால் பக்கத்து ஊரும் விடும். அப்புறம் பன்னிரண்டு மாதமும் ‘ஏய்’தான்.

விழாக்குழு சுகுமார் காலை எட்டு மணிக்கு நாஷ்டா எடுத்துக்கொண்டு வந்தான். உப்புமா. முப்பது வயதுக்காரன், ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசர்.

“அண்ணே, இந்த வாட்டி டைமுக்கு முடிச்சுடணும். பன்னெண்டு மணிக்கு கரகம் கோயில்ல இருக்கணும். பசங்க வாலாஜாபாத் செட்டு கூப்டலாம்னுதான் சொன்னானுங்க. நான்தான் ஒரு வருசம் பாக்கலாம்னேன்.”

“சாமி இன்னா கம்பெனி பஸ்ஸா சுகுமாரு, டைமுக்கு வர்றதுக்கு?” என்றான் கதிர்வேல், வாயில் உப்புமாவோடு.

“கம்பெனி பஸ்ஸாச்சும் நிக்காம பூடும்ணே. இவரு பாட்டுல போன வருசம் நாங்க நாலு மணிநேரம் நின்னோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் போனதும் தமிழரசன் என் தட்டைப் பார்த்தான். “இன்னாண்ணா, துண்ணாம வெச்சுகினு கீற? பேஜாரு பண்ணாத. துண்ணு. வெறும் வயித்துல கத்துனா மயக்கம்தான் வரும், சாமி வராது.”

நான் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை தென்னேரியில் பாடியிருந்தேன். சனிக்கிழமை முழுக்க மில்லில் லோடு, நூற்றி எண்பது மூட்டை. தோள்பட்டை கல்லாக இருந்தது. வேனில் வரும்போது கண்ணை மூடினால் தென்னேரிக் கூட்டமும் லாரிப் பலகையும் மாறி மாறி வந்தன. பலரும் நினைக்கிற மாதிரி பாடுகிறவன் சக்தியெல்லாம் பாட்டில் போவதில்லை. பாட்டுக்கு முன்னால், இந்தச் சின்ன பெஞ்சில், மற்றவன் முதுகுக்குச் சந்தனம் பூசிக்கொண்டு காத்திருப்பதில்தான் பாதி போய்விடுகிறது.

பத்து மணிக்கு ஏரிக்கரைக்குப் போனோம். ஆடிக்காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் அரளியும் வைத்துக் கரகத்தைக் கூம்பாகக் கட்டியிருந்தார்கள். அதைத் தூக்கப் போகிற கன்னியப்பன் மஞ்சள் வேட்டியோடு கிழக்கே பார்த்து நின்றார். அறுபத்தைந்து வயது. நான் பாட ஆரம்பித்த வருடத்திலிருந்து அவர்தான் தூக்குகிறார். போன வருடம் முதல் முழங்கால் மடங்கவில்லை.

“இன்னா ஏகாம்பரம், தொண்ட கீதா?” என்று கேட்டார்.

“கீதுண்ணா. உனுக்கு முட்டி கீதா?”

“அது அந்தம்மா பாத்துக்குவா. வந்தான்னா முட்டி எனுக்குத் தெரியாது. வர்லன்னாதான் தெரியும்.”

கதிர்வேல் ஆரம்பித்தான். பம்பை இரண்டும் சேர்ந்து எழும்போது முதல் சத்தம் வயிற்றில்தான் விழும், காதுக்கு அப்புறம்தான் வரும். நான் உடுக்கைக் கயிற்றை அழுத்தி, பிள்ளையாரைக் கூப்பிட்டு, எல்லைச் சாமிகளுக்கு வந்தேன். கூட்டம் நெருங்கி வட்டமானது. இந்தப் பக்கம் ஆம்பளைகள், அந்தப் பக்கம் பொம்பளைகள், தலையில் கூழ்ப் பானையும் வேப்பிலையும்.

பாடும்போது நான் முகங்களைப் பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்ப்பேன். சாமி வருவது முதலில் கால் கட்டைவிரலில் தெரியும். விரல் தரையைக் குத்திப் பிடித்துக்கொள்ளும், பிறகு கெண்டைக்கால் இழுக்கும், அதற்குப் பிறகுதான் தலை ஆடும். தலை முதலில் ஆடினால் அது வேறு விஷயம். இருபத்து மூன்று வருடத்தில் இரண்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

கன்னியப்பன் விரல் அசையவில்லை. அரை மணி நேரம் ஆனது. காவல் சாமிகளை இரண்டாம் முறை கூப்பிட்டேன். வெயில் ஏறியது. சுகுமார் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அம்மனை முழுப் பேரோடு கூப்பிட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்து மூச்சை இழுத்தேன். களைப்பில் நாக்கு இரண்டு நாளைக்கு முன்னால் போன தடத்தில் போய் விழுந்தது.

“தென்னேரி ஏரிக்கரை ஆளவந்த பொன்னியம்மா, வாடியம்மா!”

கதிர்வேல் குச்சி ஒரு தாளம் தவறியது. என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊர் அம்மன் செல்லியம்மன். செல்லியம்மன் பூமியில் நின்று பக்கத்து ஊர் அம்மனை மைக்கில் கூப்பிட்டுவிட்டேன்.

கூப்பிட்ட பேரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. அடுத்த வரியில் செல்லியம்மனைச் சேர்த்து, சத்தத்தைக் கூட்டி, மூடிவிடப் பார்த்தேன். பார்க்கப் போனால் பயப்பட ஒன்றும் இல்லை. பம்பை அடிக்கும்போது வார்த்தை யார் காதிலும் விழாது. ஜனங்கள் கேட்பது சத்தத்தை. சத்தம் சரியாகத்தான் இருந்தது. சுகுமார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பொம்பளைகள் பக்கமிருந்து ஒரு பானை கீழே விழுந்தது.

ஹேமாவதி என்று பிறகுதான் பேர் தெரிந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். கூழ் புடவையில் வழிய, முடி அவிழ்ந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள். நான் அவள் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் மண்ணுக்குள் போயிருந்தது.

சாமி வந்துவிட்டால் மேளத்தை நிறுத்தக் கூடாது. கதிர்வேலும் தமிழரசனும் அவளைச் சுற்றி வந்து அடித்தார்கள். சுகுமார் முன்னால் வந்து, கேட்க வேண்டிய முறையில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

“யாரும்மா வந்துகீற? பேர் சொல்லு.”

“பொன்னிடா! தென்னேரி பொன்னிடா! கூப்ட்டுட்டு யாருன்னு கேக்கறியா?”

கூட்டம் சலசலத்தது. ஒரு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். இந்திராணி, அந்தப் பெண்ணின் மாமியார்.

“யாரு கூப்ட்டாங்க உன்னிய? இங்க யாரு பொன்னிய கூப்ட்டது? பாத்தியா சுகுமாரு, இவ தென்னேரிக்காரி. வெள்ளிக்கெழம அம்மா வூட்டு திருவிழாவுக்குப் போவணும்னு ஒரே ரகள. வூட்டுல ஆளில்ல, வேணாம்னேன். அத்த மன்சுல வெச்சுகினு ஊரு கூடற எடத்துல வந்து வேசங் கட்டறா!”

“சாமிய அப்டி சொல்லாத அத்த,” என்றாள் யாரோ.

“சாமியா? செல்லியம்மா எல்லைல நின்னுகினு பொன்னிங்கறா. இதுக்குப் பேரு சாமியா?”

ஆம்பளைகள் பக்கம் ஒருத்தன் சொன்னான்: “கற்பூரம் வெச்சுப் பாத்துடலாம்ணா. நெஜம்னா சுடாது.”

எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி வைப்பார்கள். நிஜத்துக்கும் சுடும். நான் பார்த்திருக்கிறேன், ஒரு வாரம் கழித்து அதே கைக்கு மருந்து போட்டுக்கொண்டு வருவார்கள், சாமி நின்றபோது தெரியவில்லை, போன பிறகு தெரிந்தது என்று. ஒரு பையன் கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்தான். இரண்டு பெண்கள் ஹேமாவதியின் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரையும் பார்க்கவில்லை, கற்பூரத்தையும் பார்க்கவில்லை.

கதிர்வேல் அடித்துக்கொண்டே என் காதருகில் வந்தான். “கம்னு கீ. உன் வாய்ல எதுவும் வந்துடப் போவுது.” அவன் சொன்னது நியாயம்தான். நான் வாயைத் திறந்தால் இந்த ஊர் போயிற்று. திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு பெண்ணின் கை ஒரு வாரம் எரியும், பேர் ரொம்ப நாள் எரியும். அடுத்த வருடமும் நான் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவேன்.

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. இருபத்து மூன்று வருடமாக இந்தக் கரையில் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன். சத்தத்தைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர். வார்த்தையைக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

உடுக்கையை நிறுத்தினேன். கையைத் தூக்கினதும் பம்பையும் நின்றது. காற்று மட்டும் மைக்கில் அடித்தது.

“அவுங்க கைய வுடுங்க,” என்றேன். “நான்தான் கூப்ட்டேன். செல்லியம்மான்னு சொல்றதுக்கு பொன்னியம்மான்னு சொல்லிட்டேன். தப்பு எம்மேல. பாட்டுலதான் தப்பு, அந்தப் பொண்ணு மேல இல்ல.”

மைக் என்பதால் ஏரியின் அந்தக் கரை வரைக்கும் கேட்டது. சுகுமார் முகம் எப்படி மாறியது என்று இப்போதும் சொல்ல முடியும். கோபம்கூட இல்லை. கம்பெனியில் ஒரு மெஷின் நின்றுபோனால் இப்படித்தான் பார்ப்பான் போல.

“இன்னாண்ணா சொல்ற? ஊரு பேரே தெரியாமயா பாடுன?”

“தெரியும். வாய் தவறிடுச்சு.”

பின்னாலிருந்து ஒரு பையன் போனை உயர்த்திக் காட்டினான். “ஆமாண்ணா, எடுத்துகீறன் பாரு. தென்னேரின்னுதான் வருது.” இரண்டு பேர் சிரித்தார்கள். இந்திராணி சிரிக்கவில்லை. செருகியிருந்த முந்தானையை இறக்கி விட்டாள்.

அப்போதுதான் கன்னியப்பன் நகர்ந்து வந்தார். முழங்காலை இழுத்து இழுத்து வந்து ஹேமாவதிக்கு முன்னால் நின்றார்.

“அவன் கூப்ட்டான், அவ வந்துட்டா. இதுல இன்னா பஞ்சாயத்து? பொன்னி யாரு, செல்லி யாரு? அக்கா தங்கச்சி. தங்கச்சி அக்கா வூட்டுக்கு வந்துகீறா. வாசல்ல நிக்க வெச்சு கையில நெருப்பு வெப்பீங்களா? மஞ்சத் தண்ணி எடுங்கடா.”

யாரும் மறுக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் வந்தது. இந்திராணியிடமே செம்பைக் கொடுத்தார் கன்னியப்பன். அந்த அம்மா கொஞ்சம் நின்று, பிறகு குனிந்து மருமகள் காலில் ஊற்றினாள். ஊற்றும்போது, “ஒரு வார்த்த நல்லபடியா கேட்டுருந்தா அனுப்பிச்சிருப்பேன்,” என்று முணுமுணுத்தாள். சாமியிடம் சொன்னாளா மருமகளிடம் சொன்னாளா தெரியவில்லை.

“இப்ப பாடு,” என்றார் கன்னியப்பன் என்னிடம். “எங்கூரு அம்மா பேரு ஞாபகம் கீதுல்ல?”

ஜனம் சிரித்தது. நான் பாடினேன். நாவல்பட்டு செல்லியம்மனை, பேர் பேராக, அழுத்தி அழுத்திக் கூப்பிட்டேன். இரண்டாவது வரியிலேயே கன்னியப்பன் தலை ஆடியது, உடம்பு குலுங்கியது, “தூக்குடா!” என்று கத்தினார். கரகத்தைத் தலையில் ஏற்றினார்கள். குலவை எழுந்தது.

நான் வழக்கம்போல் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் தரையில் சும்மா இருந்தது. தலைதான் முதலில் ஆடியது. இருபத்து மூன்று வருடத்தில் அவரிடம் அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் நிமிர்ந்தபோது அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வலிக்கிற முழங்காலோடு, ஒன்றரை கிலோமீட்டர் கோயில் வரைக்கும் தலையில் கரகத்தோடு ஆடிக்கொண்டே நடந்தார். ஹேமாவதி வேப்பிலையோடு முன்னால் போனாள். பன்னிரண்டே கால் மணிக்குக் கரகம் கோயிலில் இருந்தது.

மறுபடி ஒன்றாம் வகுப்பு. சந்தனம் காய்ந்து முதுகை இழுத்தது. தமிழரசன் காலை நீட்டித் தரையில் படுத்துவிட்டான். கச்சேரி முடிந்து உட்காருகிற இந்த நேரம் எனக்கு எப்போதும் பிடிக்கும். காதில் சத்தம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், ஆனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கும் பிடித்தது. அது எனக்கே ஆச்சரியம்.

சுகுமார் வாழைப்பழத் தட்டோடு வந்தான். கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

“தப்பா நெனச்சுக்காதண்ணே. வீடியோ குரூப்ல போயிடுச்சு. தென்னேரி பசங்க எங்கள ஓட்டறானுங்க. அடுத்த வருசம் வாலாஜாபாத் செட்டுதான்.”

“சரிப்பா.”

“நீ சொல்லாம வுட்டிருக்கலாம்ணே,” என்றான், குரலைத் தாழ்த்தி. “யாருக்குத் தெரியும்?”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியும்,” என்றேன்.

அவன் தட்டை வைத்துவிட்டுப் போனான். நல்ல பையன்தான். அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வேனில் பம்பையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஹேமாவதி சொம்பில் கூழ் எடுத்துக்கொண்டு வந்தாள். தலை குளித்து, வேறு புடவை. சாதாரணப் பெண்ணாக இருந்தாள். என்னிடம் கொடுத்துவிட்டுத் தயங்கினாள்.

“அண்ணா, எனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நீங்க பொன்னியம்மான்னு சொன்னது மட்டும் கேட்டுது. அவ்ளதான். நெஜமாவே வந்துச்சா, இல்ல நானா...”

“நெஜம்மா,” என்றேன். “நெறைய பாத்துகீறன். நெஜம்தான்.”

பிறகு, “வெள்ளிக்கெழம எங்கூர்ல நல்லா நடந்துச்சா? கூட்டமா?” என்று கேட்டாள்.

நான் சொன்னேன். மழை தூறினதை, பந்தல் ஒரு பக்கம் சாய்ந்ததை, கரகம் திரும்பும்போது மதகு மேல் நின்று பெண்கள் குலவை போட்டதை. மேல் தெரு முனையில் நின்றதாகப் போனில் சொன்னார்கள், நீலப் புடவை, ஒல்லியாக, எங்கம்மா, பார்த்தீர்களா என்று கேட்டாள். பாடும்போது நான் முகம் பார்ப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். ஆனால் அன்றைக்கு உண்மை சொன்னது போதும் என்று இருந்தது.

“நீலப் பொடவ ஒர்த்தங்க நின்னுகினு இருந்தாங்கம்மா,” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் கூழைக் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது திரும்பி, “அடுத்த வெள்ளி போவச் சொல்லிட்டாங்க அத்த,” என்றாள்.

வேன் கிளம்பியது. உத்திரமேரூர் ரோட்டில் ஏறினதும் கதிர்வேல் ஆரம்பித்தான். “பொதன்கெழம எந்த ஊரு, சொல்லு.”

“பழையசீவரம் பக்கம்.”

“சாமி?”

“எல்லையம்மா.”

“வெள்ளிக்கெழம பாடுனது?”

“தென்னேரி. பொன்னியம்மா.”

“இன்னிக்கி?”

“நாவல்பட்டு. செல்லியம்மா.”

“இப்ப கரெக்டா சொல்லு,” என்றான். தமிழரசன் பின்சீட்டில் படுத்தபடியே சிரித்தான். நானும் சிரித்தேன். இருபத்து மூன்று வருடமாக வாயில் இருந்த பேர், இனி எங்கேயும் பாடத் தேவைப்படாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நாவல்பட்டுக் காவல் சாமிகளிலிருந்து ஆரம்பித்து வரிசையாக, சத்தம் வராமல், ஒருமுறை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.